மூன்று குலங்கள் வாழ்ந்த வீடு

பிளாரன்ஸ் என்றால் மைக்கலாஞ்சலோ, பொத்திச்செல்லி என்று ஓவியர், சிற்பிகளின் பெயர்கள் நம் நினைவுக்கு வருகின்றன. அவர்களுக்கெல்லாம் பணம் கொடுத்து வேலை வாங்கிய வியாபாரிகளில் மெடிச்சி குடும்பத்தைத் தாண்டி நாம் யாரையும் அறிய மாட்டோம். கம்பளியும் பட்டும் விற்று, வட்டிக்குப் பணம் கொடுத்து, அரை ஐரோப்பாவோடு கணக்கு வைத்திருந்தவர்கள் அவர்கள். அவர்கள் எங்கே படுத்தார்கள், எங்கே சமைத்தார்கள், தண்ணீரை எப்படி மாடிக்குக் கொண்டுபோனார்கள், இரவில் கதவைப் பூட்டும்போது யாருக்குப் பயந்தார்கள்? இதற்கெல்லாம் பதில் சொல்கிற வீடு ஒன்று அந்த ஊரில் இருக்கிறது. வியா போர்த்தா ரோஸ்ஸா என்ற ஒடுங்கிய தெருவில் நிற்கும் தவன்ஸாத்தி மாளிகைதான் அது. இன்று அது பழைய பிளாரன்ஸ் வீட்டின் அருங்காட்சியகம்.

நான் அதை அக்காவோடு பார்த்தேன். மதுரையில் ஒரு ஜவுளிக் கடையில் காலமெல்லாம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள் அக்கா. ஓவியம் பற்றி அவள் அதிகம் பேச மாட்டாள். துணியைத் தொட்டால் நெசவைச் சொல்லுவாள். கணக்கைப் பார்த்தால் எங்கே இடிக்கிறது என்று சொல்லுவாள். அந்த வீட்டைப் பார்க்க அவளைவிடப் பொருத்தமான துணை எனக்குக் கிடைத்திருக்காது.

தெரு குறுகலானது என்பதால் வீட்டின் முகப்பை முழுதாகப் பார்க்கக் கழுத்தை நன்றாக நிமிர்த்த வேண்டியிருந்தது. கீழே மூன்று பெரிய வளைவு வாசல்கள். அவற்றுக்கு மேல் மூன்று மாடிகளில் வரிசையாக வளைந்த சன்னல்கள். எல்லாவற்றுக்கும் மேலே தூண்கள் தாங்கும் திறந்த மாடம். முதலில் அங்கே கோட்டை மதில்போல் பல் வைத்துக் கட்டியிருந்தார்களாம், 16ஆம் நூற்றாண்டில்தான் மாடமாக மாற்றினார்கள். மணற்கல் சுவரின் நடுவே பின்னால் காலூன்றி நிற்கும் சிங்கம் பொறித்த குலச் சின்னம். சன்னல்களை ஒட்டி, கொக்கிகளில் கிடத்திய நீளமான கம்பிகள். அக்கா முதலில் கேட்டது அந்தக் கம்பிகளைப் பற்றித்தான். துணி உலர்த்தவும், பறவைக் கூண்டு தொங்கவிடவும், திருவிழா நாளில் விலையுயர்ந்த துணிகளைத் தெருவுக்குத் தெரியும்படி விரிக்கவும் அவை பயன்பட்டன என்று உள்ளே வழிகாட்டிய பெண் சொன்னார். “கடையில சரக்கைத் தொங்க விட்டிருக்கிற மாதிரியே வீட்டுலயும் தொங்க விட்டிருக்காங்க,” என்றாள் அக்கா.

வீட்டைக் கட்டியவர்கள் தவீட்ஸி குடும்பத்தினர். கம்பளித் தொழிலில் செழித்த செல்வந்தர்கள். காலம் 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. 1348இல் வந்த கொள்ளைநோய் பிளாரன்ஸ் மக்களில் பாதிப் பேரையாவது கொண்டுபோய்விட்ட காலம் அது. அதற்கு முன்பெல்லாம் அந்த ஊர்ப் பெரிய குடும்பங்கள் ஒடுக்கமான, உயரமான கோபுர வீடுகளில் வாழ்ந்தன. பங்காளிச் சண்டையும் கட்சிச் சண்டையும் ஓயாத ஊரில் உயரம்தான் பாதுகாப்பு. தவீட்ஸிகள் அந்த இடத்தில் இருந்த பழைய கோபுர வீடுகளைச் சேர்த்து ஒரே வீடாக்கினார்கள். பயந்து உயர்ந்த வீடு, வாழ்வதற்காக அகன்ற வீடாக மாறிய கட்டத்தை இந்தக் கட்டடத்தில் கண்ணால் பார்க்கலாம். மறுமலர்ச்சியின் தொடக்கத்தை நான் இங்கேதான் புரிந்துகொண்டேன்.

ஆனால் பயம் முழுதாகப் போய்விடவில்லை. தரைத்தளம் அந்தக் காலத்தில் வியாபாரம் நடந்த திறந்த மண்டபம். அதற்கு நேர் மேலே, முதல் மாடியில், வீட்டிலேயே பெரிய கூடம் இருக்கிறது. விருந்தும் திருமணமும் பஞ்சாயத்தும் நடந்த இடம். அதன் தரையில் மரமூடி போட்ட துளைகள் இருக்கின்றன. கீழே வாசலை உடைத்துக்கொண்டு யாராவது நுழைந்தால், மூடியைத் திறந்து தலைக்கு மேலிருந்து தாக்கலாம். மேசையும் நாற்காலியும் சித்திரப் பெட்டிகளுமாக இருந்த அந்த அழகான கூடத்தில் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது தரையைத்தான்.

அந்த மூடிகளைத் தேவையற்ற எச்சரிக்கை என்று சொல்ல முடியாது. 1378ஆம் ஆண்டு பிளாரன்ஸில் கம்பளித் தொழிலாளர்கள் கிளர்ந்து எழுந்தார்கள். கம்பளியை அடித்து, சீவி, கழுவிக் கொடுத்த கூலிக்காரர்கள் அவர்கள். அவர்களுக்குச் சங்கம் வைக்க உரிமை இல்லை. நகராட்சியில் குரல் இல்லை. அந்தக் கோடையில் அவர்கள் பணக்காரர் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள், சில வாரங்கள் ஆட்சியிலும் பங்கு பெற்றார்கள், பிறகு நசுக்கப்பட்டார்கள். சியோம்பி கிளர்ச்சி என்று வரலாறு அதைச் சொல்கிறது. கம்பளி தந்த பணத்தில் எழுந்த வீட்டுக்குள், கம்பளி வேலை செய்தவர்களுக்குப் பயப்பட வேண்டிய நாளும் வந்தது. இதை அறிந்துகொண்டு அந்தத் தரையைப் பார்க்கும்போது வீட்டின் செல்வம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியிலிருந்து யாரும் தப்ப முடியாது.

வீட்டின் உயிர்நாடி நடு முற்றம். வானம் தெரிகிற சிறிய முற்றம். மாடிப்படிகள் அதைச் சுற்றி ஏறுகின்றன. முதல் சுற்றுப் படிகள் கல், மேலே போகப் போக மரம். முற்றத்தின் ஓரத்தில் கிணறு. அந்தக் கிணற்றின் வாய் தரையோடு முடியவில்லை. சுவருக்குள்ளேயே ஒரு குழல்வழி மேல் மாடி வரை போகிறது, ஒவ்வொரு மாடியிலும் அதற்கு ஒரு சிறு திறப்பு, மேலே கப்பி. எந்த மாடியில் இருந்தாலும் கயிற்றை இழுத்து வாளியில் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம். ஊரார் பொதுக் கிணற்றுக்கு நடந்த காலத்தில் இப்படி ஒரு வசதி. அக்கா திறப்பில் தலையை நீட்டி மேலும் கீழும் பார்த்தாள். “தண்ணி சுமக்கிறவளைப் பத்தி யோசிச்சுக் கட்டியிருக்கான் பாரு தம்பி, அவன்தான் மேஸ்திரி,” என்றாள்.

ஒவ்வொரு மாடியிலும் கழிப்பிடமும் இருந்தது. சுவரோடு ஒட்டிய சின்ன அறை. 14ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இது எவ்வளவு அபூர்வம் என்பதை வழிகாட்டி அழுத்திச் சொன்னார். அறைகளின் நடுவில் நெருப்பு வளர்ப்பதற்குப் பதிலாகச் சுவருக்குள் புகைபோக்கியோடு கணப்பு அடுப்பு அமைத்ததும் அப்போது புதிதாக வந்த வசதிதான். சன்னல்களில் கண்ணாடி அரிது. எண்ணெய் பூசிய துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதன் வழியே வருகிற மங்கிய வெளிச்சத்தில்தான் அவர்கள் குளிர்காலப் பகலைக் கழித்தார்கள். உஃபிஸி ஓவியக் கூடத்தில் பொன்னும் சிவப்புமாக மின்னும் படங்கள் ஏன் அப்படி வரையப்பட்டன என்று இந்த அரையிருட்டை நினைத்தால் விளங்கும். அவற்றில் பல விளக்கு வெளிச்சத்திலும் மங்கிய வெளிச்சத்திலும் பார்ப்பதற்காக வரைந்தவை.

முதல் மாடியில் கிளிகளின் அறை. நான்கு சுவர்களிலும் சித்திரம். கட்டம் கட்டமாக ஓடும் கோலத்துக்குள் கிளிகள். உச்சியில் வளைவுகள், அவற்றுக்கு அப்பால் ஒரு தோட்டத்து மரங்கள். அக்கா சுவரருகே போய்ச் சட்டென்று நின்றுவிட்டாள்.

“இது சுவர்ச் சித்திரம் இல்ல தம்பி. துணி.”

“துணி எங்க இருக்கு? எல்லாம் சாயந்தானே அக்கா?”

“துணி மாதிரி எழுதியிருக்கான். மேல பாரு, தொங்க விட்டிருக்கு. அந்த மடிப்புல உள்துணி தெரியுது.”

அவள் சொன்னது அப்படியே உண்மை. சுவர் முழுவதும் விலையுயர்ந்த திரைச்சீலை தொங்குவதுபோல வரைந்திருக்கிறார்கள். ஓரிடத்தில் மடிந்து, உள்புறம் தெரிவதுவரைக்கும் தீட்டியிருக்கிறார்கள். துணி வியாபாரியின் வீட்டுச் சுவருக்கு, கறையும் பூச்சியும் அண்டாத ஒரு துணி. அங்கிருந்து மயில்களின் அறைக்குப் போனோம். அங்கே பல குடும்பங்களின் குலச் சின்னங்களும் சுவரில் இருக்கின்றன. யாரோடு உறவு, யாரோடு கூட்டு என்பதைப் படுக்கையறைச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் மாடிப் படுக்கையறையில் சுவரின் மேற்பகுதி முழுக்க ஒரு கதை ஓடுகிறது. வெர்ஜி சீமாட்டியின் கதை. 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் காவியம் அது. ஒரு வீரனும் அந்தச் சீமாட்டியும் யாருக்கும் தெரியாமல் காதலிக்கிறார்கள். பர்கண்டி கோமகனின் மனைவி அந்த வீரனை விரும்பி, அவன் மறுத்ததால் பகை கொள்கிறாள். ரகசியத்தைக் கணவனிடமிருந்து கறந்து, சீமாட்டியைச் சபையில் குத்திப் பேசுகிறாள். காதலன் தன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டான் என்று நினைத்துச் சீமாட்டி இறக்கிறாள். அவனும் உயிரை விடுகிறான். கோமகன் தன் மனைவியைக் கொல்கிறான். குடும்பத்தில் நடந்த ஒரு திருமணத்தையொட்டி இதை வரைந்ததாகச் சொல்கிறார்கள். மணமக்கள் கண்விழிக்கும் அறையில் இப்படி ஒரு கதையா என்று அக்கா வருத்தப்பட்டாள். எனக்கு அது பொருத்தமாகவே பட்டது. வாக்குக் கொடுத்துப் பொருள் வாங்கி, கையெழுத்தை நம்பிப் பணம் அனுப்பிய மனிதர்கள் அவர்கள். சொன்ன சொல்லை வெளியே விடாதே என்பது அவர்கள் தொழிலின் முதல் பாடம். பிள்ளைகளின் படுக்கைக்கு மேலும் அதையே வரைந்திருக்கிறார்கள்.

பெண்களின் வாழ்க்கையைச் சொல்லும் பொருள்கள் இந்த வீட்டில் நிறைய. சித்திரம் தீட்டிய கல்யாணப் பெட்டிகள். சரிகையும் பூவேலையும் செய்த துணிகள். எல்லாவற்றிலும் என்னைக் கட்டிப்போட்டது பிரசவத் தட்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடும் இனிப்பும் கொண்டு போகிற மரத்தட்டு அது. இரு புறமும் ஓவியம். மசாச்சியோ என்ற பெரும் ஓவியரின் தம்பி, லோ ஸ்கெஜ்ஜா என்று அழைக்கப்பட்டவர், ஏறத்தாழ 1450இல் தீட்டிய தட்டு ஒன்று இங்கே இருக்கிறது. தெருவில் இளைஞர்கள் ஒருவன் காலை ஒருவன் மிதித்துக்கொண்டு, தலையில் தட்ட முயன்று விளையாடுகிறார்கள். அண்ணன் மசாச்சியோ தேவாலயச் சுவரில் சாதித்ததை உலகம் கொண்டாடுகிறது. தம்பியின் ஓவியம் பிரசவ அறைக்குள் சூப்புக் கிண்ணத்தைச் சுமந்துகொண்டு போனது. மறுமலர்ச்சி ஓவியம் இப்படியும் பிழைத்தது, இப்படியும் வளர்ந்தது. காட்சிக் கூடத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டிய ஓவியம் இதைச் சொல்லவே சொல்லாது.

வரதட்சணையைப் பற்றியும் வழிகாட்டி சொன்னார். பிளாரன்ஸ் நகராட்சி 1425இல் வரதட்சணைக்கென்றே ஒரு பொது நிதியைத் தொடங்கியது. பெண் சிறுமியாக இருக்கும்போதே தகப்பன் ஒரு தொகையைக் கட்டுவான். குறித்த ஆண்டுகள் கழிந்து, கல்யாணமும் முடிந்தபின், பெருகிய தொகை மாப்பிள்ளை கைக்குப் போகும். இடைப்பட்ட காலத்தில் அந்தப் பணம் நகரத்தின் கடனுக்கும் போருக்கும் உதவும். அக்கா இதைக் கேட்டு நிமிர்ந்து நின்றாள். கட்டுகிற தொகை, முதிர்வு, பெண் இடையில் இறந்துவிட்டால் என்ன என்று அவள் கேட்டுக்கொண்டே போக, நான் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தேன். “நம்ம ஊர்ச் சீட்டுதான் தம்பி இது. ஆனா பிடிக்கிறது சர்க்கார்,” என்று முடித்தாள்.

சமையலறை மேல் மாடியில் இருக்கிறது. புகையும் சூடும் நாற்றமும் மேலோடு போய்விடும். தீப்பிடித்தாலும் கூரையோடு நிற்கும். தொட்டி, உரல், வாணலி, மாவு பிசையும் பெட்டி, தறி என்று வீட்டு வேலையின் கருவிகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. பெண்கள் அதிக நேரம் இருந்த இடம் அதுதான். வேலைக்காரர்களுக்கும் அதுதான் இடம். இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. கொள்ளைநோயில் வேலையாட்கள் செத்துப்போனபின், 1363இல் பிளாரன்ஸ் அரசு வெளிநாட்டு அடிமைகளைக் கொண்டுவர அனுமதித்தது. அவர்கள் கிறிஸ்தவர்களாக இருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. கருங்கடல் துறைமுகங்களிலிருந்து தார்த்தாரியப் பெண்களும் சர்கேசியப் பெண்களும் விலைக்கு வாங்கப்பட்டு இந்த ஊர் வீடுகளுக்கு வந்தார்கள், பலர் சிறுமிகள். வசதியுள்ள வியாபாரி வீட்டுச் சமையலறைகளில் அவர்கள் வேலை செய்தார்கள். கிளிகளின் அறையை ரசித்த கண்ணால் அந்த அடுப்பையும் பார்க்கவேண்டும். இரண்டும் ஒரே பேரேட்டின் இரண்டு பக்கங்கள்.

வீட்டின் சுவர்களில் குடியிருந்தவர்கள் கீறி எழுதிய குறிப்புகளும் இருக்கின்றன. கணக்குகள், கிறுக்கல்கள். அவற்றில் ஒன்று 1478 ஏப்ரல் 26ஆம் நாள் தலைமைத் தேவாலயத்தில் ஜூலியானோ மெடிச்சி கொல்லப்பட்டதைச் சொல்கிறது. பாட்ஸி சதி என்று வரலாற்று நூல்கள் பக்கம் பக்கமாக எழுதும் சம்பவம். இந்த வீட்டில் யாரோ ஒருவர் அந்தச் செய்தியைக் கேட்டுச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்.

தவீட்ஸிகளிடமிருந்து வீடு 1516இல் பார்த்தோலினி குடும்பத்துக்குப் போனது. 1578இல் அதை வாங்கியவர் பெர்னார்டோ தவன்ஸாத்தி. முகப்பில் நிற்கிற சிங்கம் அவர் குலத்தது. 1529இல் பிறந்து 1606இல் மறைந்த அவர், இளமையில் பிரான்ஸின் லியோன் நகரத்தில் வியாபாரம் செய்தவர், பிறகு எழுத்தாளர். உண்டியல் மூலம் ஊர்விட்டு ஊர் பணம் மாற்றுவது எப்படி என்று 1582இல் ஒரு சிறு நூல் எழுதினார். 1588இல் நாணயம் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். பொருளாதார வரலாற்றில் இன்றும் அதைப் பேசுகிறார்கள். ரோமானிய வரலாற்றாசிரியர் தாசிட்டஸை இத்தாலிய மொழிக்குக் கொண்டுவந்து, சுருக்கத்துக்குப் பேர்போன அந்த லத்தீனையும்விடச் சுருக்கமாக எழுதிக் காட்டியவரும் அவரே. பணம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவரே பண்டைய நூலையும் திறந்து படித்தார். வியாபாரமும் படிப்பும் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

நம் பக்கத்துக்கும் இந்த மனிதருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவர் நண்பர் பிலிப்போ ஸசெத்தி என்ற பிளாரன்ஸ் வணிகர், 1580களில் மிளகுக் கொள்முதலுக்காகக் கொச்சிக்கும் கோவாவுக்கும் வந்தவர். ஊர் திரும்பாமல் 1588இல் கோவாவிலேயே இறந்தார். பிளாரன்ஸ் நண்பர்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் புகழ்பெற்றவை. தவன்ஸாத்திக்கும் அவர் எழுதினார். சமஸ்கிருதச் சொற்கள் சில இத்தாலியச் சொற்களை ஒத்திருப்பதை முதலில் கவனித்த ஐரோப்பியர்களில் அவர் ஒருவர். மலையாளக் கரையில் மழைக்காலத்தில் மிளகு எடை போட்டுக்கொண்டு ஒருவர் எழுதிய கடிதம், பல மாதம் கடலில் கிடந்து, இந்தத் தெருவில் வாழ்ந்த மனிதரிடம் வந்து சேர்ந்தது.

தவன்ஸாத்தி குலம் 1838 வரை இங்கே வாழ்ந்தது. அதன் பிறகு வீட்டைத் துண்டு துண்டாக்கி வாடகைக்கு விட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நகரைப் புதுப்பிக்கிறோம் என்று பழைய சந்தைப் பகுதி முழுவதையும் இடித்துத் தள்ளினார்கள். அந்த இடத்தில்தான் இன்று குடியரசுச் சதுக்கம் இருக்கிறது. நூற்றுக்கணக்கான அடி தள்ளியிருந்ததால் இந்த வீடு தப்பியது. 1904இல் எலியா வோல்பி என்ற பழம்பொருள் வணிகர் இதை வாங்கிச் சீர்படுத்தி, பழைய காலத்துப் பொருள்களால் நிரப்பி, 1910இல் பொதுமக்களுக்குத் திறந்தார். 1916இல் அந்தப் பொருள்களையெல்லாம் நியூயார்க்கில் ஏலம் விட்டார். அமெரிக்கப் பணக்காரர்கள் தங்கள் வீடுகளைப் பிளாரன்ஸ் வீடுபோல அலங்கரிக்கும் மோகம் அதிலிருந்து பெருகியது. 1944 ஆகஸ்டில் ஜெர்மன் படை பின்வாங்கும்போது, ஆற்றங்கரையில் பழைய பாலத்தின் இரு முனைகளிலும் இருந்த இடைக்கால வீடுகளை வெடிவைத்துத் தகர்த்தது. அப்போதும் இது நின்றது. 1951இல் இத்தாலிய அரசு வாங்கி, 1956இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. கட்டடம் பலவீனமானதால் 1995இல் மூடி, 2005இலிருந்து பகுதி பகுதியாக மீண்டும் திறந்தார்கள்.

ஆகவே இன்று நாம் பார்க்கிற கட்டிலும் பெட்டியும் தவீட்ஸிகளின் கட்டிலும் பெட்டியும் அல்ல. அரசு பல இடங்களிலிருந்து திரட்டி வைத்தவை. சுவரோவியங்களிலும் வோல்பி காலத்துக் கைவேலை கலந்திருக்கிறது. இதனால் வீட்டின் மதிப்புக் குறைந்துவிடுகிறது என்று சிலர் சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஏலத்தில் போன கட்டிலுக்குப் பதில் இன்னொரு கட்டில் போடலாம். சுவருக்குள் ஏறும் கிணற்றையும், தரையில் இருக்கிற துளையையும், மேல் மாடியில் வைத்த அடுப்பையும் யாரும் ஏலத்தில் எடுத்துப் போக முடியாது. ஒரு குடும்பம் எதை விரும்பியது, எதற்குப் பயந்தது, யாரை எங்கே வேலை வாங்கியது என்பது வீட்டின் அமைப்பில்தான் எழுதியிருக்கிறது. அந்த அமைப்பு இங்கே முழுதாக இருக்கிறது. பொருள்களைக் காப்பதைவிட வீட்டைக் காப்பது பெரிய காரியம் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த சான்று இதுதான்.

பிளாரன்ஸ் போகிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உஃபிஸியைப் பார்க்காமல் வரச் சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால் இந்த வீட்டைப் பார்த்துவிடுங்கள். ஓவியங்கள் எந்தச் சுவர்களிலிருந்து, எந்த மனிதர்களிடமிருந்து வந்தன என்று தெரிந்தபின் அவற்றின் முன் நிற்பது வேறு அனுபவம். மேல் மாடிகளுக்குக் குறித்த நேரத்தில் வழிகாட்டியோடுதான் அழைத்துப் போகிறார்கள். அந்த நேரத்தை முன்கூட்டியே கேட்டு இடம் பதிந்துகொள்ளுங்கள். சமையலறை அங்கேதான் இருக்கிறது; அதைப் பார்க்காமல் இறங்கிவிடாதீர்கள்.